நோட்டீஸ் வந்த பிறகு நோட்டைக் கொளுத்தாதீர்கள்

(மாவட்ட வணிகர் அணியும் வழக்கறிஞர் அணியும் சேர்ந்து 2024 டிசம்பரில் நடத்திய பயிலரங்கில், வழக்கறிஞர் அணி சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் முழுமையாகப் பதிவிடுகிறோம். நீளமான பதிவுதான், சேமித்து வைத்து நிதானமாகப் படியுங்கள்.)



மேடையில் வீற்றிருக்கும் மூத்த நிர்வாகிகளே, கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்திருக்கும் வணிகர் அணித் தோழர்களே, தோழியர்களே, கடைகளிலும் கம்பெனிகளிலும் கணக்கு எழுதும் தம்பி தங்கைகளே!

இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ஒன்றே ஒன்றுதான். வருமான வரித் துறையோ ஜிஎஸ்டி துறையோ ஒரு கணக்கைக் கேட்கும்போது, அந்தக் கணக்கை அழித்தால் என்ன ஆகும்? கேட்பதற்குச் சின்ன விஷயமாத் தெரியும். ஆனால் நம்ம ஊர்ப் பக்கம் பயத்துல முதல்ல செய்யற காரியமே இதுதானே? "அந்த நோட்டை எடுத்து அடுப்புல போடு", "கம்ப்யூட்டர்ல இருக்கறதை அழிச்சுடு", "வாட்ஸ்அப்பை டெலிட் பண்ணு". சொல்ல ரெண்டு நிமிஷம். அதற்குப் பிறகு அனுபவிப்பது பல வருஷம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வரி ஏய்ப்பு எப்படிச் செய்வது, எப்படித் தப்பிப்பது என்று சொல்லித்தரும் வகுப்பு இல்லை இது. ஒழுங்காக வியாபாரம் செய்கிற ஒருவர், பதற்றத்தில் செய்யும் ஒரே ஒரு காரியத்தால் எப்படிக் குற்றவாளி ஆகிவிடுகிறார் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்த ஆண்டு ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் 241ஆவது பிரிவைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய சட்டத்தில் இது 204ஆவது பிரிவு.

நீதிமன்றத்திலோ, ஒரு பொது ஊழியர் சட்டப்படி நடத்தும் விசாரணையிலோ கொடுக்க வேண்டிய கடமை உள்ள ஆவணத்தை ஒருவர் மறைத்தால் குற்றம். அழித்தால் குற்றம். படிக்க முடியாதபடி செய்தாலும் குற்றம். மை ஊற்றுவது, அடித்து எழுதுவது, பக்கத்தைக் கிழிப்பது எல்லாமே இதில் வரும். "ஆவணம்" என்றால் காகிதம் மட்டும் இல்லை. மின்னணுப் பதிவும் என்று பிரிவிலேயே எழுதியிருக்கிறது. டேலியில் இருக்கும் கணக்கு, பென் டிரைவ், மெயில், வாட்ஸ்அப் எல்லாம் அதற்குள் அடக்கம்.

பழைய சட்டத்தில் இதற்கு 2 ஆண்டு வரை சிறை. புதிய சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

இந்தப் பிரிவுக்குள் இரண்டு வாசல் இருக்கிறது. இதைக் கவனமாகக் கேளுங்கள். முதல் வாசல்: அந்த ஆவணம் சாட்சியமாக வரக் கூடாது என்ற எண்ணத்தோடு அழிப்பது. இதற்கு நோட்டீஸ் கையில் வந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. இரண்டாவது வாசல்: சம்மனோ உத்தரவோ சட்டப்படி வந்த பிறகு அழிப்பது. "நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடியே எரிச்சுட்டேன், அதனால தப்பில்லை" என்று நினைப்பவர் முதல் வாசலில் மாட்டுவார். "நோட்டீஸ் வந்துச்சு, ஆனா நான் வேற காரணத்துக்காகத்தான் கிழிச்சேன்" என்பவர் இரண்டாவது வாசலில் மாட்டுவார்.

இன்னொரு சொல்லையும் கவனியுங்கள். அந்தப் பிரிவு "யாரேனும்" என்றுதான் தொடங்குகிறது. "வரி கட்ட வேண்டியவர்" என்று சொல்லவில்லை. முதலாளிக்கு மட்டும் இல்லை, தீக்குச்சி கிழித்த பையனுக்கும் அது பொருந்தும். இதற்குப் பிறகு வருகிறேன்.

வருமான வரிச் சட்டத்தில் தனியாக என்ன இருக்கிறது?

2024 டிசம்பரில் நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் துறைக்கு மூன்று விதமான அதிகாரம் தந்தது. நம்ம ஆட்கள் மூன்றையும் சேர்த்து "ரெய்டு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, கேட்பது. 142(1) பிரிவில் நோட்டீஸ், 131ஆவது பிரிவில் சம்மன். கணக்கைக் கொண்டுவா, நேரில் வா என்று கேட்பார்கள். 131இல் அதிகாரிக்கு ஒரு சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் இருக்கிறது.

இரண்டு, கடைக்கு வந்து பார்ப்பது. 133A பிரிவு, சர்வே. வியாபார நேரத்தில் வருவார்கள். கணக்குப் புத்தகத்தை, காரணத்தை எழுதிவைத்துவிட்டு எடுத்துப்போகலாம். மேலதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் விடுமுறை நாள் நீங்கலாக 15 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. சர்வேயில் கல்லாப்பெட்டிப் பணத்தை எண்ணிப் பார்க்கலாம், எடுத்துப்போக முடியாது.

மூன்று, சோதனையும் கைப்பற்றுதலும். 132ஆவது பிரிவு. உண்மையான ரெய்டு இதுதான். கேட்டும் கொடுக்கவில்லை, கேட்டாலும் கொடுக்க மாட்டார் என்று நம்ப அவர்களிடம் காரணம் இருந்தால் இந்தப் பிரிவில் வரலாம். இப்போது யோசித்துப் பாருங்கள். சாதாரண நோட்டீஸுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னவர் வீட்டுக்கு இந்தக் காரணத்தைச் சொல்லி வர முடியாது. கணக்கை ஒளித்தவர் வீட்டுக்குத்தான் வர முடியும். ஒளிப்பது ரெய்டைத் தடுக்காது. ரெய்டுக்கு வழி திறந்துவிடும்.

2024 நிலவரப்படி இருந்த தண்டனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

142(1) நோட்டீஸுக்கு வேண்டுமென்றே கணக்கைக் கொடுக்காமல் விட்டால் 276D பிரிவில் ஓர் ஆண்டு வரை கடுங்காவல், அபராதம்.

சோதனையின்போது கம்ப்யூட்டர், போன் போன்றவற்றைத் திறந்து பார்க்க வசதி செய்து தர மறுத்தால் 275B பிரிவில் 2 ஆண்டு வரை கடுங்காவல், அபராதம். "பாஸ்வேர்டு மறந்துபோச்சு சார்" என்று சிரித்துக்கொண்டு சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பீரோவுக்கோ அறைக்கோ தடையாணை போட்டு சீல் வைத்துவிட்டுப் போன பிறகு அதை மீறி உள்ளே கை வைத்தால் 275A பிரிவில் 2 ஆண்டு வரை கடுங்காவல், அபராதம்.

வரி ஏய்க்க வேண்டுமென்றே முயன்றால் 276C. பொய்க் கணக்கு எழுதுவது, எழுத வேண்டியதை விடுவது மட்டும் இல்லை. ஏய்ப்புக்கு உதவும் எந்தச் சூழ்நிலையை உண்டாக்கினாலும் அது முயற்சிதான் என்று அந்தப் பிரிவின் விளக்கம் சொல்கிறது. கணக்கை அழிப்பதை இதற்குள் கொண்டுவர அரசு வழக்கறிஞருக்குச் சிரமமே இருக்காது. ஏய்க்க முயன்ற தொகை 25 லட்சம் ரூபாயைத் தாண்டினால் குறைந்தது 6 மாதம், அதிகம் 7 ஆண்டு. அதற்குக் கீழே என்றால் 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 278E. பொதுவாகக் குற்ற வழக்கில், குற்ற எண்ணம் இருந்தது என்று அரசுதான் நிரூபிக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் கீழ் போடும் வழக்கில் தலைகீழ். குற்ற எண்ணம் இருந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். அதுவும் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாத அளவுக்கு. எரிந்துபோன சாம்பலைக் காட்டி அதை எப்படி நிரூபிப்பீர்கள்?

ஜிஎஸ்டியில் குற்றம் இல்லை என்று ஒரு வதந்தி

வியாபாரிகள் குரூப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. "ஜிஎஸ்டியில் ஆவணத்தை அழிப்பது இப்போது குற்றமே இல்லை, எடுத்துட்டாங்க" என்று. பாதி உண்மைதான். பாதி உண்மைதான் ரொம்ப ஆபத்து.

ஜிஎஸ்டி சட்டத்தின் 132ஆவது பிரிவில் சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் சாட்சிய ஆவணத்தைத் திருத்துவது, அழிப்பது என்று ஒரு வரி இருந்தது. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் மூலம் அதை எடுத்துவிட்டார்கள், 2023 அக்டோபர் 1 முதல். இதுவரை சரி.

ஆனால் 122ஆவது பிரிவு அப்படியே இருக்கிறது. ஆவணத்தைத் திருத்தினால், அழித்தால் 10,000 ரூபாய், அல்லது ஏய்த்த வரித் தொகை, இரண்டில் எது அதிகமோ அது அபராதம். வரி, வட்டி தனி. முன்னே சொன்ன நியாய சன்ஹிதா 241ஆவது பிரிவை யாரும் எடுக்கவில்லை. ஜிஎஸ்டி அதிகாரி 70ஆவது பிரிவில் சம்மன் கொடுத்து நடத்தும் விசாரணை, ஒரு பொது ஊழியர் சட்டப்படி நடத்தும் விசாரணைதான். ஒரு கதவை மூடிவிட்டார்கள் என்பதற்காக வீட்டில் வேறு கதவே இல்லை என்று நினைக்காதீர்கள்.

எரிப்பது யாருடைய சாட்சி?

தண்டனையை விடுங்கள். கணக்காகவே பார்ப்போம். நாம் வியாபாரிகள்தானே?

ஒரு ஜவுளிக் கடை அண்ணாச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்தில் விற்பனை 80 லட்சம். சரக்கு வாங்கியது 62 லட்சம், பேங்க் வழியாக. வாடகை, கரண்ட் 3 லட்சம், அதுவும் பேங்க் வழியாக. ஆள் சம்பளம், வண்டி வாடகை, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி 9 லட்சம். இதெல்லாம் அன்றாடம் சில்லறையாகக் கையில் கொடுத்தது. வவுச்சரிலும் நாள்வழி நோட்டிலும் மட்டும் இருக்கிறது. கழித்தால் லாபம் 6 லட்சம்.

நோட்டீஸ் வருகிறது. அண்ணாச்சி பயந்து நோட்டையும் வவுச்சரையும் கொளுத்திவிடுகிறார். இப்போது என்ன அழிந்தது? விற்பனை 80 லட்சம் அழிந்ததா? இல்லை. அது அவருடைய ஜிஎஸ்டி ரிட்டர்னில் இருக்கிறது, பேங்கில் இருக்கிறது, யுபிஐயில் இருக்கிறது, சரக்கு வந்த இ-வே பில் இருக்கிறது, வருமான வரி இணையதளத்தில் அவர் பெயரில் ஆண்டுத் தகவல் அறிக்கையும் இருக்கிறது. அழிந்தது அந்த 9 லட்சம் செலவுக்கான ஆதாரம் மட்டும்தான். செலவைக் காட்ட முடியவில்லை என்றால் 6 லட்சம் லாபம் 15 லட்சமாக நிற்கும்.

வரவுக்கான சாட்சி ஊரெல்லாம் இருக்கிறது. செலவுக்கான சாட்சி உங்கள் மேசை டிராயரில் மட்டும் இருக்கிறது. எரிப்பவர் பெரும்பாலும் தனக்குச் சாதகமான சாட்சியைத்தான் எரிக்கிறார்!

கணக்கு இல்லை என்றால் அதிகாரி 144ஆவது பிரிவில் தன் மதிப்பீட்டின்படி வரி போடலாம். ஒரு தொகை எங்கிருந்து வந்தது என்று விளக்க முடியாவிட்டால், 2024 நிலவரப்படி 60 சதவீத வரி, அதன் மேல் சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து 78 சதவீதம். அந்த வருமானத்தில் எந்தச் செலவையும் கழிக்க விட மாட்டார்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு மாமன் மச்சான் கொடுத்த மொய்ப் பணமாகவே இருக்கட்டும். மொய் நோட்டு இருந்தால் விளக்கலாம். மொய் நோட்டையும் சேர்த்துக் கொளுத்தியவர் எதைக் காட்டுவார்?

ஜிஎஸ்டியிலும் இதே கதை. உள்ளீட்டு வரி வரவு எடுத்தவர்தான் அதற்குத் தகுதி உண்டு என்று நிரூபிக்க வேண்டும் என்கிறது 155ஆவது பிரிவு. கொள்முதல் பில் கையில் இல்லை என்றால் எடுத்த வரவைத் திருப்பிக் கட்ட வேண்டியதுதான்.

இவ்வளவுக்கும் மேலே சாட்சியச் சட்டத்தில் ஒரு பழைய விதி. புதிய பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் 119ஆவது பிரிவில் தொடர்கிறது. கொடுக்க முடிந்த சாட்சியத்தை ஒருவர் கொடுக்கவில்லை என்றால், கொடுத்திருந்தால் அது அவருக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்று நீதிமன்றம் கருதலாம். நோட்டில் ஒன்றுமே தப்பாக இல்லாமல் இருந்திருக்கலாம். எரித்த பிறகு, அதில் தப்பு இருந்தது என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள்.

வெளிநாட்டில் நடந்த இரண்டு வழக்குகள்

அமெரிக்காவில் ஆர்தர் ஆண்டர்சன் என்று ஒரு பெரிய ஆடிட் நிறுவனம் இருந்தது. உலகம் முழுக்கச் சுமார் 85,000 பேர் வேலை பார்த்தார்கள். என்ரான் கம்பெனிக்கு அவர்கள்தான் ஆடிட்டர். 2001ஆம் ஆண்டு என்ரானைப் பங்குச் சந்தை ஒழுங்கு ஆணையம் விசாரிக்கப்போகிறது என்று தெரிந்ததும், "நம் ஆவணக் கொள்கையைப் பின்பற்றுங்கள்" என்று உள்ளுக்குள் நினைவூட்டினார்கள். டன் கணக்கில் காகிதம் துண்டு துண்டானது. 2002இல் கீழ் நீதிமன்றம் குற்றவாளி என்றது. ஜூரிக்குச் சொன்ன விளக்கம் தவறு என்று சொல்லி 2005இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஒருமனதாக ரத்து செய்தது. வழக்கில் ஜெயித்தார்கள். ஆனால் ஜெயித்தபோது நிறுவனம் கிட்டத்தட்ட இல்லை. பழைய காகிதத்தைக் கழிப்பது தப்பில்லை. விசாரணை வாசலில் நிற்கும்போது திடீரென்று கழிப்பதுதான் வினை.

இன்னொன்று நேரடியாக வரி வழக்கு. நியூயார்க் மாநிலத்தில் சிறிய அளவில் சரக்கு அனுப்பும் தொழில் செய்த மரினெல்லோ என்பவர். கணக்கு வைக்கவில்லை, ஆவணங்களை அழித்தார் என்று வரி நிர்வாகத்தைத் தடுத்த வழக்கு போட்டு 36 மாதச் சிறை விதித்தார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வரித் துறையின் குறிப்பிட்ட ஒரு விசாரணை நடந்துகொண்டிருக்க வேண்டும், அல்லது வரும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்; அழித்த செயலுக்கும் அந்த விசாரணைக்கும் தொடர்பு வேண்டும் என்றது. குடிமகனுக்குப் பாதுகாப்பான தீர்ப்புதான். ஆனால் அதே தீர்ப்பு கோட்டையும் போட்டுக் காட்டிவிட்டது: விசாரணை வரும் என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து கையை எடுத்துவிடு.

"இது பழிவாங்கும் ரெய்டு" என்றால்?

இங்கே இருக்கும் பல தோழர்கள் மனதில் ஓடும் கேள்வி எனக்குத் தெரியும். "வழக்கறிஞரே, நம்ம மேல வர்ற நோட்டீஸ் எல்லாமே அரசியல்தானே? நேர்மையா வந்தா நேர்மையாப் பதில் சொல்லலாம். பழிவாங்க வர்றவன்கிட்ட எதுக்குக் கணக்குக் கொடுக்கணும்?"

அரசியல் காரணத்துக்காக வரும் நோட்டீஸ் உண்டா? எந்த ஆட்சியிலும் இந்தப் புகார் இல்லாமல் இருந்ததில்லை. ஆனால் அப்படி வரும் நோட்டீஸை உடைக்க உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் உங்கள் கணக்குதான். கணக்கு சரியாக இருந்தால் எதிரில் இருப்பவர் வழக்கில் உயிர் இல்லை. நீங்கள் தீ வைத்த அந்த நொடியில், உயிரில்லாத வழக்குக்கு நீங்களே உயிர் கொடுக்கிறீர்கள். வரி பாக்கி இருந்ததா என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள். "ஏன் எரித்தாய்?" என்று மட்டும்தான் கேட்பார்கள். அதற்கு உங்களிடம் பதில் இருக்காது.

எதிர்க்க வழி இருக்கிறது. அதிகார வரம்பு இல்லை, சோதனைக்குக் காரணம் இல்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். மதிப்பீட்டு உத்தரவை மேல்முறையீட்டில் எதிர்க்கலாம். தீர்ப்பாயம் இருக்கிறது, அதற்கு மேலும் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. எந்தக் கேள்விக்கு அது பொருந்தும் என்று உங்கள் வழக்கறிஞர் சொல்வார். வாய் மூடி இருக்கும் உரிமை வேறு. அழிக்கும் உரிமை என்று ஒன்று எந்தச் சட்டத்திலும் கிடையாது.

"அண்ணன் சொன்னார், செஞ்சேன்"

இப்போது நான் பேசப்போவது கணக்கு எழுதும் தம்பிகளிடமும் தங்கைகளிடமும். டிரைவர், ஆபீஸ் பையன், கிளை நிர்வாகிகள் எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

விசுவாசம் நல்ல குணம். நம் இயக்கமே விசுவாசத்தில் நிற்கிறது. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு போன் வருகிறது. "தம்பி, ஆபீஸ் பீரோல இருக்கற நீல ஃபைலை எடுத்து ஆத்தோரம் கொளுத்திடு." நீங்கள் செய்துவிடுகிறீர்கள். சொன்னவருக்கு வக்கீல் இருக்கிறார், ஆடிட்டர் இருக்கிறார், ஜாமீன் போட ஆள் இருக்கிறது. உங்களுக்கு? செய்தது உங்கள் கை. 241ஆவது பிரிவின் "யாரேனும்" நீங்கள்தான். "முதலாளி சொன்னார்" என்பது தண்டனையைத் தடுக்கும் பதில் இல்லை. தூண்டிய குற்றத்துக்கு அவரும் மாட்டுவார், உண்மை. அதனால் உங்கள் வழக்கு போய்விடாது. அடுத்தவர் வரி ஏய்க்க உதவியாகக் கணக்கைப் பொய்யாக்கினால் வருமான வரிச் சட்டத்தில் 277A என்று தனிப் பிரிவே இருக்கிறது. 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை.

அரசு வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகள், பாஸ்போர்ட் எடுத்து வெளிநாடு போகக் காத்திருக்கும் பிள்ளைகள் நம் கடைகளில் வேலை பார்க்கிறார்கள். ஒரு எஃப்ஐஆர் போதும், எல்லாம் நின்றுவிடும். முதலாளிமார்களே, நீங்களும் கேளுங்கள். உங்களை நம்பி வந்த பிள்ளையின் கையில் தீப்பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

அப்படி ஒரு போன் வந்தால் என்ன சொல்வது? மரியாதையாக, சுருக்கமாகச் சொல்லுங்கள். "அண்ணே, அதை அழிச்சா உங்களுக்கும் கேஸ், எனக்கும் கேஸ். காலையில வக்கீலைக் கேட்டுட்டுச் செய்வோம்." பெரும்பாலும் அந்த ராத்திரிப் பயம் விடிந்தால் தெளிந்துவிடும். அவர் விடாப்பிடியாக நின்றால் செய்யாதீர்கள். ஃபைலை உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒளித்து வைக்கவும் செய்யாதீர்கள். மறைப்பதும் அதே பிரிவில் அதே குற்றம்தான். இருந்த இடத்தில் இருக்கட்டும். நீங்கள் தனியாக ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

கட்சிக் கணக்கும் அப்படித்தான்

கிளை, ஒன்றிய நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. அரசியல் கட்சிகளுக்கு வருமான வரி விலக்கு இருக்கிறது, 13A பிரிவில். அது சும்மா கிடைப்பதில்லை. ஒழுங்கான கணக்குப் புத்தகம் இருக்க வேண்டும். ஆடிட் ஆகியிருக்க வேண்டும். 20,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை கொடுத்தவரின் பெயர், முகவரி இருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது. ரிட்டர்ன் நேரத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இதில் ஓட்டை விழுந்தால் விலக்கே கேள்விக்குறி ஆகும். தொண்டர்கள் உண்டியல் குலுக்கிச் சேர்த்த காசுக்கு வரி கட்ட வேண்டிய நிலை வரும்.

ஆகவே ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையைக் குப்பை என்று நினைக்காதீர்கள். மாநாட்டுப் பந்தல் பில், மைக் செட் பில், வேன் வாடகைச் சீட்டு எதையும் தூக்கிப்போடாதீர்கள். பொறுப்பு மாறும்போது புதிய நிர்வாகியிடம் எழுதிக் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். "பழைய பொருளாளர்கிட்ட இருந்துச்சு" என்பது பதில் இல்லை.

எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

ஆயுசு முழுக்க வைத்திருக்கச் சொல்லவில்லை. ஜிஎஸ்டிக் கணக்கு: அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். 2023-24ஆம் நிதியாண்டுக்குக் கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. ஆக 2030 டிசம்பர் 31 வரை பத்திரமாக இருக்க வேண்டும். வழக்கோ மேல்முறையீடோ விசாரணையோ நடந்தால், அது முடிந்து ஓர் ஆண்டு, அல்லது இந்த 72 மாதம், எது பிந்தியதோ அது.

வருமான வரி: டாக்டர், வழக்கறிஞர், ஆடிட்டர் போன்ற தொழில் செய்பவர்களுக்கு மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 6 ஆண்டு என்று 6F விதி சொல்கிறது. வியாபாரிகளும் இதே கணக்கை வைத்துக்கொள்வது பாதுகாப்பு. கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் கம்பெனிச் சட்டப்படி 8 நிதியாண்டு வைத்திருக்க வேண்டும்.

காலம் முடிந்து, எந்த நோட்டீஸும் வழக்கும் இல்லாமல் இருந்தால் தாராளமாகக் கழிக்கலாம். எந்த ஆண்டுக் கணக்கு, எந்தத் தேதியில் கழித்தோம் என்று ஒரு தாளில் எழுதி ஆடிட்டருக்கும் தெரிவித்துவிடுங்கள். அதோடு முடிந்தது.

வெள்ளத்தில் போனால்?

போன வருஷம் டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் வெள்ளம். இந்த மாதத் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலில் விழுப்புரம், கடலூர்ப் பக்கம் எத்தனையோ கடைக்குள் தண்ணீர். கணக்கு நோட்டு உண்மையிலேயே ஊறிக் கூழாகிவிட்டது. இது குற்றம் இல்லை. ஆனால் அன்றைக்கே ஆதாரம் செய்து வையுங்கள். நனைந்த கணக்கைப் போட்டோ, வீடியோ எடுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். இன்சூரன்ஸ் இருந்தால் கிளெய்ம் பேப்பரில் கணக்கு அழிந்ததையும் எழுதுங்கள். ஆடிட்டருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பேங்க் ஸ்டேட்மென்ட், சப்ளையரிடம் பில் நகல், ஜிஎஸ்டி இணையதளத்தில் இருக்கும் விவரம் எல்லாம் சேர்த்துக் கணக்கைத் திரும்ப எழுதுங்கள். மூன்று வருஷம் கழித்து நோட்டீஸ் வரும்போது "வெள்ளத்துல போச்சு சார்" என்று வாயால் மட்டும் சொன்னால் யார் நம்புவார்கள்?

நோட்டீஸ் வந்த அன்றே செய்ய வேண்டியவை

1. நோட்டீஸ் உண்மையா என்று பாருங்கள். வருமான வரித் துறைக் கடிதங்களில் 2019 அக்டோபர் முதல் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். துறையின் இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். போனில் மிரட்டிப் பணம் கேட்பவர் அதிகாரி இல்லை, திருடன்.

2. அன்று முதல் எதையும் கிழிக்காதீர்கள், அழிக்காதீர்கள், திருத்தாதீர்கள். கடையில் எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் மெசேஜ் தானாக மறையும் வசதி போட்டிருந்தால் நிறுத்துங்கள். நீங்கள் அழித்தாலும் எதிர்முனையில் இருப்பவர் போனில் அது இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

3. கணக்கு மொத்தத்தையும் நகல் எடுத்து வையுங்கள்.

4. அவகாசம் வேண்டுமென்றால் எழுத்தில் கேளுங்கள். பதிலே சொல்லாமல் இருந்தால் ஒவ்வொரு தடவைக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட இடம் இருக்கிறது.

5. பழைய தேதி போட்டுப் புது நோட்டு எழுதாதீர்கள். எரிப்பதைவிட இது மோசம்.

6. கணக்கில் உண்மையிலேயே தப்பு இருந்தால் ஆடிட்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வரி, வட்டி, அபராதம் என்று பணத்தோடு முடிய வழி இருக்கும். அழித்துவிட்டால் அந்த வழியை நீங்களே அடைத்துவிடுகிறீர்கள்.

7. சோதனைக்கு வந்தால் வாரண்டைக் காட்டச் சொல்லிப் படியுங்கள். சாட்சிகள் முன்னிலையில்தான் நடக்க வேண்டும். பெண்களைப் பெண்கள்தான் சோதிக்க வேண்டும். பஞ்சநாமா நகலும், எடுத்துப்போகும் பொருட்களின் பட்டியலும் கேட்டு வாங்குங்கள். கைப்பற்றிய கணக்கை நகல் எடுத்துக்கொள்ளும் உரிமை 132(9) பிரிவில் உங்களுக்கு இருக்கிறது. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

தோழர்களே, தோழியர்களே!

அதிகாரத்தைக் கேள்வி கேட்கிற இயக்கத்தில் இருக்கிறோம். அரசாங்கம் கணக்குக் காட்ட வேண்டும் என்று வீதியில் நின்று கேட்கிறோம். டெண்டரில் என்ன நடந்தது, ஃபைல் எங்கே போனது என்று கேட்கிறோம். கேட்கிற நமக்கு ஒரு தகுதி வேண்டும். நம்மிடம் யாராவது கணக்குக் கேட்டால் "இந்தா, பார்த்துக்கோ" என்று எடுத்து மேசையில் வைக்க முடிய வேண்டும்.

கணக்கு தப்பாக இருந்தால் திருத்திக்கொள்ளலாம். வரி கூடப் போட்டால் மேல்முறையீடு செய்யலாம். அபராதம் வந்தால் தவணையில்கூடக் கட்டித் தீர்க்கலாம். சாம்பலை மட்டும் மறுபடி காகிதம் ஆக்க முடியாது.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். கடையில் கணக்குப் பார்க்கும் பிள்ளையைக் கூப்பிட்டு, "நான் போன் பண்ணி எதையாவது கொளுத்தச் சொன்னாலும் செய்யாதே" என்று சொல்லிவையுங்கள். உங்களையும் அந்தப் பிள்ளையையும் அது காப்பாற்றும்.



(இது பொதுவான சட்ட விளக்கம். உங்களுக்கு நோட்டீஸ் வந்திருந்தால் அந்த நோட்டீஸோடு உங்கள் ஆடிட்டரையும் வழக்கறிஞரையும் நேரில் பாருங்கள். உங்கள் பகுதி வணிகர்களுக்கும், கடைகளில் கணக்கு எழுதும் பிள்ளைகளுக்கும் இந்தப் பதிவைப் பகிருங்கள்.)